‘நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வரியை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பையனுக்கு 9 வயது, பெண்ணுக்கு 4. கணவர் ஏற்காட்டில் காப்பியும் மிளகுமாக ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார், கூடவே நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துகிறார். பதினாலு மாதமாகப் பிரிந்திருக்கிறார்கள். குழந்தைகளோடு இவர் கன்னங்குறிச்சியில் அம்மா வீட்டில் இருக்கிறார். மியூச்சுவலாகப் பிரிந்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்து, கணவர் தரப்பு வக்கீல் மனுவும் தயார் செய்து கொடுத்துவிட்டார். அதில் குழந்தைகளைப் பற்றி இருப்பது மூன்றே வரி. குழந்தைகள் தாயின் பொறுப்பில் இருப்பார்கள், தந்தை நியாயமான முறையில் பார்த்துக்கொள்ளலாம். மகனை ஏற்காட்டில் போர்டிங் பள்ளியில் சேர்ப்பது பற்றி இருவரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள். மனைவி தனக்கோ குழந்தைகளுக்கோ ஜீவனாம்சம் எதுவும் கோர மாட்டார். இதில் கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால், ‘பையனுக்கு அஞ்சு வயசு தாண்டிடுச்சு, கோர்ட்டுக்குப் போனா அவன் எங்களுக்குத்தான்’ என்று மாமியார் சொல்வது நடந்துவிடுமா? நைட் டூட்டி பார்க்கிறவளுக்குக் குழந்தையைக் கொடுக்க மாட்டார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

இப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, நீங்கள் எழுதியதைப் படித்தால் பிள்ளைகள் மேல் பாசமுள்ள மனிதராகத்தான் தெரிகிறார். அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் இருபத்து நாலு வருடமாக இந்த வழக்குகளில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மோசமான அப்பா, மோசமான அம்மா என்று வந்த சண்டையைவிட, நல்லவர்கள் இரண்டு பேர் அவசரத்தில் மொட்டையாக எழுதிவைத்த ஒரு வரியால் வந்த சண்டைதான் என் மேஜைக்கு அதிகம் வந்திருக்கிறது. டைவர்ஸ் ஆகி ஒரு வருடம் கழித்து, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு, ‘அஞ்சு மணிக்குக் கொண்டாந்து விடறேன்னு சொன்னியே, எங்கே?’ என்று போனில் ஆரம்பிக்கும். அந்த ‘நியாயமான முறை’ எது என்று அப்போதுதான் இருவரும் தேடுவார்கள். சட்டத்தில் அதற்கு அளவு கிடையாது.

முதலில் அந்த அஞ்சு வயது விஷயத்தை முடித்துவிடலாம், ஏனென்றால் உங்களைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்க உதவுவது அதுதான். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, அதில் 6-ஆவது பிரிவு. மைனர் குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய், ஆனால் அஞ்சு வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது. இவ்வளவுதான் இருக்கிறது. அஞ்சு முடிந்த மறுநாள் குழந்தையைத் தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. ஊரில் பாதிப் பேர் இல்லாத அந்த வரியைத்தான் சட்டம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள், சில வக்கீல்களும் கட்சிக்காரரிடம் அப்படியே சொல்லிவிடுகிறார்கள். அதே சட்டத்தின் 13-ஆவது பிரிவு, காப்பாளர் யார் என்பதை முடிவு செய்யும்போது குழந்தையின் நலனே முதன்மை என்கிறது. உங்கள் பெண்ணுக்கு 4 வயது, அவள் விஷயத்தில் சட்டம் நேரடியாகவே உங்கள் பக்கம். பையனுக்கு 9 என்பதால் அவன் நலன் எங்கே என்று பார்ப்பார்கள். பதினாலு மாதமாக உங்களோடு இருக்கிறான், பள்ளி மாறவில்லை, தங்கச்சி பக்கத்தில் இருக்கிறாள். இது மூன்றும் சேர்ந்தால் லேசில் யாரும் கலைக்க மாட்டார்கள்.

‘தந்தை, அவருக்குப் பிறகு தாய்’ என்ற வாசகத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க, காப்பாளர் என்று தானே கையெழுத்துப் போட்டு விண்ணப்பித்தார். அப்பா கையெழுத்து வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய், 1999-இல் தீர்ப்பு வந்தது. ‘அவருக்குப் பிறகு’ என்றால் அவர் செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அவர் இல்லாத நிலையில் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், தந்தை உயிரோடு இருந்தாலும் குழந்தையின் பொறுப்பில் அவர் இல்லை என்றால் தாயே இயற்கைக் காப்பாளராகச் செயல்படலாம் என்றார்கள். பேங்கிலோ பள்ளியிலோ அப்பா கையெழுத்து இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள். கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியாது, மேனேஜருக்குத் தெரிந்திருக்கும்.

நைட் டூட்டி விஷயம். நீதிபதி கேட்கப்போவது ‘ராத்திரி வேலைக்குப் போகிறீர்களா’ என்று அல்ல, ‘நீங்கள் இல்லாத ராத்திரி குழந்தைகளோடு யார்’ என்று. உங்கள் அம்மா இருக்கிறார். அவர் வயது, உடல்நிலை, குழந்தைகள் அவரிடம் ஒட்டியிருக்கிறார்களா, இதற்குப் பதில் இருந்தால் போதும். டூட்டி ரோஸ்டர் மூன்று மாதத்துக்கு எடுத்து வையுங்கள், மாதத்துக்கு எத்தனை நைட் என்று அதிலேயே தெரியும். அதே கேள்வியை அந்தப் பக்கமும் கேட்பார்கள் என்பதை மறக்காதீர்கள். ஹோம்ஸ்டேயில் சனி ஞாயிறு ராத்திரிதான் ஆள் அதிகம், காம்ப்ஃபயர் போட்டுப் பாட்டு வைத்துப் பதினொன்றரை மணிக்கு முன்னால் அடங்காது. அங்கே பிள்ளை எங்கே படுக்கும்?

பையனிடம் நீதிபதி பேசுவாரா என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். பேசலாம். 1890-ஆம் வருடத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்திலேயே, விவரமாக விருப்பத்தைச் சொல்லும் வயது வந்த குழந்தையானால் அதையும் கருத்தில் கொள்ளலாம் என்று 17-ஆவது பிரிவில் இருக்கிறது. கொள்ளலாம், அவ்வளவுதான், பையன் சொல்வதே தீர்ப்பு ஆகாது. பெரும்பாலும் தன் அறைக்கு அழைத்து, பெற்றோரையும் வக்கீலையும் வெளியே நிறுத்திவிட்டுத்தான் பேசுவார்கள். தயவுசெய்து அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு தடவை எங்கள் வழக்கு ஒன்றில் எட்டு வயதுப் பையன் உள்ளே போனான். ‘அப்பாகிட்ட ஏன் போகமாட்டே’ என்று கேட்டதற்கு, கையைக் கட்டிக்கொண்டு, ‘எதிர்மனுதாரர் என்னைக் கவனிப்பதில்லை’ என்றானாம். அப்பாவை எதிர்மனுதாரர் என்று சொல்லும் பிள்ளை உலகத்தில் உண்டா? நாங்கள் அப்பாவுக்காக ஆஜரான வழக்கு அது, அந்த ஒரு வார்த்தையிலேயே எங்கள் பக்கம் சரிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தது அம்மாகூட இல்லை, மாமா. குழந்தையை ஒரு பெற்றோருக்கு எதிராகத் திருப்பிவிடுவதை உச்ச நீதிமன்றமே 2017-இல் விவேக் சிங் வழக்கில் கவலையோடு பேசியிருக்கிறது, அதனால் இப்போதெல்லாம் நீதிபதிகள் இதை மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது அந்த ‘நியாயமான முறை’.

உங்களுக்கு ஒரு காட்சி சொல்கிறேன், இது என் கண்ணால் பார்த்தது. ஏற்காடு அடிவாரத்தில், செக்போஸ்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு டீக்கடை. ஞாயிறு சாயங்காலம். மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்து நிற்கிறது, பின்சீட்டிலிருந்து ஒரு பெண் குழந்தை இறங்குகிறாள், ஒரு கையில் பாதி உரித்த எலுமிச்சம்பழம், இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட பாலித்தீன் கவர். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்திருக்கிறாள், முகம் வெளுத்துக் கிடக்கிறது. ஸ்கூட்டரில் காத்திருக்கும் அம்மா இறங்கி வரவில்லை, ஜீப்பில் இருக்கும் அப்பாவும் இறங்கவில்லை. நடுவில் இருபது அடி. கவரை எங்கே போடுவது என்று தெரியாமல் அந்தக் குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றது. கடைசியில் டீக்கடைக்காரர்தான் வாங்கிப் போட்டுவிட்டு முகம் கழுவத் தண்ணீர் கொடுத்தார். அந்த இருவருக்கும் கோர்ட் உத்தரவு இருந்தது, வாரம் ஒரு நாள் என்று. யார் கொண்டுவந்து விடுவது, யார் வாங்குவது, எங்கே, எத்தனை மணிக்கு, எதுவும் அதில் இல்லை. அதையெல்லாம் ஒவ்வொரு வாரமும் வாட்ஸ்அப்பில் சண்டை போட்டு முடிவு செய்துகொண்டிருந்தார்கள்.

அதனால் பஸ் டைம்டேபிள் மாதிரி எழுதுங்கள் என்பதுதான் நான் சொல்வது. மாதத்தில் இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை காலை 9 மணிக்கு அடிவாரத்தில் இன்ன இடத்தில் தந்தை அழைத்துக்கொள்வார், ஞாயிறு மாலை 4 மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைப்பார். இருட்டுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும், மழைக்காலத்தில் மலையில் மூடுபனியும் மண்சரிவும் உண்டு என்பதால் பாதை மூடினால் அன்றைக்குச் சந்திப்பு சேலத்திலேயே, அடுத்த வாரம் ஈடு. அரை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் போன் செய்து சொல்ல வேண்டும். தந்தையால் வர முடியாவிட்டால் அவருக்குப் பதில் யார் வரலாம் என்று பெயர் போட்டே எழுதுங்கள், தோட்டத்து டிரைவர் வந்து நிற்கக் கூடாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் என்ன செய்வது என்றும் எழுதுங்கள், ஏனென்றால் ‘காய்ச்சல்’ என்பதுதான் அனுப்பாமல் இருக்க எல்லா அம்மாக்களும் சொல்லும் காரணம், அப்பாக்கள் நம்பாத காரணமும் அதுதான்.

உங்கள் நாலு வயதுப் பெண்ணுக்கு ராத்திரி தங்கல் இப்போதே வேண்டாம் என்று தோன்றினால், முதல் ஆறு மாதம் பகலில் மட்டும், சேலத்திலேயே, அப்புறம் ஒரு ராத்திரி என்று படிப்படியாக எழுதலாம். அண்ணனோடு சேர்த்து அனுப்பினால் அவளே சீக்கிரம் பழகிவிடுவாள். அண்ணன் தங்கையைப் பிரித்து ஆளுக்கு ஒன்று என்று மட்டும் பேசவே பேசாதீர்கள். பஞ்சாயத்தில் பெரியவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், சொத்துப் பாகம் பிரித்துப் பழகிய வாய்.

லீவு நாட்களை எழுதும்போதுதான் உங்கள் வழக்கில் ஒரு விசேஷம் இருக்கிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘கோடை விடுமுறையில் பாதி தந்தையிடம்’ என்று எழுதுவார்கள். மே மாதம் ஏற்காட்டில் ஹோம்ஸ்டே வைத்திருப்பவருக்குத் தூங்கவே நேரம் இருக்காது. கோடை விழா, மலர்க் கண்காட்சி, ஏரிப் பக்கம் வண்டி நகராது, ஏறுவதற்கு ஒரு பாதை, இறங்குவதற்குக் குப்பனூர் பாதை என்று போலீஸ் மாற்றிவிடுவதும் உண்டு. அந்தப் பதினைந்து நாளில் பிள்ளைகள் ரிசப்ஷனில் உட்கார்ந்து மொபைல் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அப்பா முகத்தைப் பார்ப்பது சாப்பாட்டு நேரத்தில்தான். அவரிடமே இதைக் கேளுங்கள், ஒப்புக்கொள்வார். பரீட்சை முடிந்த கையோடு ஏப்ரல் கடைசியில் ஒரு வாரம், மே மாதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை ஒரு தடவை, காலாண்டு விடுமுறையில் பாதி என்று எடுத்துக்கொண்டால் அவருக்கும் பிள்ளைக்கும் நல்லது. காப்பி பறிப்பு மும்முரமாக நடக்கும் டிசம்பர், ஜனவரியில் பையன் தோட்டத்தில் கூடவே சுற்றட்டும், அரையாண்டு லீவும் அப்போதுதான் வருகிறது. ஹோம்ஸ்டேயைவிடத் தோட்டத்தில்தான் ஒரு அப்பா மகனுக்குக் கற்றுக்கொடுக்க ஏதாவது இருக்கும் (இது என் அபிப்பிராயம், சட்டம் இல்லை).

பண்டிகை. தீபாவளி ஒரு வருடம் இங்கே, ஒரு வருடம் அங்கே. பொங்கல் மூன்று நாள், பிரித்துக்கொள்ளலாம். ஆடி மாதம் சேலம் குகை மாரியம்மன் பண்டிகையின் வண்டி வேடிக்கைக்கு யாரோடு போவது என்று ஒரு குடும்பம் என் ஆபீசில் ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறது, சிரிக்காதீர்கள், அதையும் எழுதித்தான் முடித்தோம். பிறந்த நாள் அன்று சந்திப்பு நாள் இல்லாதவருக்கு இரண்டு மணி நேரம். உங்கள் மாமனார் மாமியாருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஆசை இருக்கும், அது அப்பாவோடு இருக்கும் நாட்களிலேயே நடக்கட்டும், தனியாக எழுத வேண்டியதில்லை.

போன் பற்றித் தெளிவாகவே எழுதுங்கள். 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம், நேரில் பார்ப்பது மட்டும் இல்லை, தொடர்பில் இருப்பதும் உரிமைதான், தனிச் சூழ்நிலை ஏதும் இல்லாவிட்டால் குழந்தை தன்னிடம் இல்லாத பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் குழந்தையோடு பேச வழி இருக்க வேண்டும் என்றது. ராத்திரி ஏழரை முதல் எட்டுக்குள் என்று ஒரு நேரம் வையுங்கள். ஸ்பீக்கரில் போடாதீர்கள். பேசி முடித்ததும் ‘அப்பா என்ன கேட்டாரு’ என்று விசாரிக்காதீர்கள், இதை ஏன் சொல்கிறேன் என்றால் எல்லோரும் செய்கிறார்கள், நானும் செய்திருப்பேன்.

ஜாயின்ட் கஸ்டடி, அதாவது குழந்தை இருவர் பொறுப்பிலும் இருப்பது, அதைக் கேட்கலாமா என்று சிலர் கேட்பார்கள். சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் அப்படி ஒரு முறையைச் சட்டத்தில் கொண்டுவரப் பரிந்துரைத்தது. இருவரும் ஒரே ஊரில், பள்ளிக்குப் பக்கத்தில் இருந்தால் நடக்கும். ஒரு வாரம் கன்னங்குறிச்சி, ஒரு வாரம் ஏற்காடு என்றால் அந்தப் பையன் ஸ்கூலுக்கு மலை இறங்கியே பாதிப் படிப்பைத் தொலைப்பான்.

இரண்டாவது வரிக்கு வருகிறேன், போர்டிங். ஏற்காட்டில் நல்ல போர்டிங் பள்ளிகள் இருக்கின்றன, தலைமுறை தலைமுறையாக வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படிக்கிற இடம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்று பாருங்கள். காகிதத்தில் பையன் உங்கள் பொறுப்பில், ஆனால் வருடத்தில் பத்து மாதம் அப்பாவிடமிருந்து பத்து நிமிடத் தூரத்தில். ஞாயிறு அவுட்டிங் யார் அழைத்துப் போவார்? காய்ச்சல் என்றால் ஹாஸ்டல் வார்டன் யாருக்கு முதல் போன் போடுவார்? அவர் வேண்டுமென்றே இப்படி யோசித்தாரா என்று தெரியாது, அவருக்குப் பையன் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசையாக இருக்கலாம். அதை நேரடியாகக் கேட்டிருக்கலாம். ‘கலந்து பேசி முடிவெடுப்பார்கள்’ என்றால், ஒத்துவராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இல்லாத வரி. நாளை அவர் அட்மிஷன் போட்டுவிட்டு வந்து நிற்பார், நீங்கள் டி.சி. கொடுக்க மாட்டேன் என்பீர்கள், ஜூன் மாதத்தில் பையன் எந்தப் பள்ளியிலும் இல்லாமல் இருப்பான்.

இன்னொன்று, வீடு உடைகிற அதே வருடம் ஒன்பது வயதுப் பையனை ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டால், தன்னால்தான் எல்லாம் நடந்தது, அதனால்தான் அனுப்பிவிட்டார்கள் என்று அவன் எடுத்துக்கொள்வான். வாயால் சொல்ல மாட்டான். ஒரு போர்டிங்கில் விசிட்டிங் ஞாயிறு அன்று அப்பாவும் அம்மாவும் தனித்தனியாக பிரியாணிப் பார்சலோடு வந்து, பையன் இருவர் மனசும் கோணக் கூடாது என்று இரண்டையும் தின்றுவிட்டு ராத்திரி முழுக்க வாந்தி எடுத்த கதையை அவன் அம்மாவே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: மகன் இப்போது படிக்கும் பள்ளியிலேயே 5-ஆம் வகுப்பு முடியும் வரை தொடர்வான், 6-ஆம் வகுப்புக்குப் பள்ளி மாற்றுவதானால் இருவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும், சம்மதம் வராவிட்டால் இப்போதைய பள்ளியே தொடரும், அல்லது மீடியேஷனுக்குப் போவது. பேச்சு முறிந்தால் என்ன என்பதுதான் எழுதப்பட வேண்டிய விஷயம். ஒற்றுமையாக இருக்கும்போது காகிதம் தேவையே இல்லை.

பள்ளி தவிர இன்னும் நாலைந்து முடிவுகள் இருக்கின்றன. பெரிய சிகிச்சை, ஆபரேஷன் என்றால் இருவருக்கும் தெரிய வேண்டும், உயிருக்கு அவசரம் என்றால் பக்கத்தில் இருப்பவர் கையெழுத்துப் போடலாம். ரேங்க் கார்டு, பெற்றோர் கூட்டம் இரண்டும் அப்பாவுக்கும் உண்டு. பள்ளியில் போய்க் கதை சொல்லாமல் உத்தரவு நகலை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்து, கேட்டில் யார் யார் அழைத்துப் போகலாம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பெண் பேரில் செல்வமகள் கணக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதில் 15 வருடம் பணம் கட்ட வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாயாவது போடாவிட்டால் கணக்கு முடங்கும், அதனால் இனி யார் கட்டுவது, பாஸ்புக் யாரிடம் என்று ஒரு வரி. பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரி கட்டாயம், ஏனென்றால் நீங்கள் நர்ஸ், இன்றோ நாளையோ வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ வாய்ப்பு வரும். குழந்தை பாஸ்போர்ட்டுக்கு இருவரும் சம்மதித்தால் அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம், ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலையில் அனெக்சர் சி. கையில் பாஸ்போர்ட் வந்தாலும் உத்தரவை மீறிக் குழந்தையை வெளிநாடு அழைத்துப் போக முடியாது. போவதானால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், அப்போது சந்திப்பு எப்படி மாறும் என்று இப்போதே பேசிவிடுங்கள். இப்போது சுலபமாக ஒப்புக்கொள்வார், விசா வந்த பிறகு கேட்டால் மாட்டார்.

மூன்றாவது வரிதான் எனக்குக் கோபம் வந்த வரி. உங்களுக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், அது உங்கள் இஷ்டம், உங்கள் தன்மானம். குழந்தைகளுடையதை விட்டுக்கொடுக்க நீங்கள் யார்? அது அவர்கள் உரிமை. நீங்கள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தாலும் பின்னால் குழந்தைகளுக்காகக் கேட்க முடியும், ஆனால் அதற்கு இன்னொரு வழக்கு, இன்னொரு நாலு வருடம் வாய்தா. இப்போதே எழுதுங்கள். மாதம் இவ்வளவு, அஞ்சாம் தேதிக்குள், உங்கள் கணக்குக்கு. பள்ளிக் கட்டணம் நேரடியாகப் பள்ளிக்கு. வருடா வருடம் இத்தனை சதவீதம் உயரும். தோட்ட வருமானம் மாதம் ஒரே மாதிரி வராது என்று அவர் சொன்னால் அது நியாயம்தான், மிளகு விற்ற பிறகு மொத்தமாக ஒரு தொகையும், மற்ற மாதங்களில் குறைவாகவும் என்று பிரித்துக்கொள்ளலாம். என்ன வருமானம் என்றே சொல்ல மாட்டேன் என்றால்தான் தகராறு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்கில் இருவருமே சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், தொகையும் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு என்று சொல்லிவிட்டது. ஹோம்ஸ்டே புக்கிங் எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது, மறைப்பது அவ்வளவு சுலபமில்லை. நீங்களும் உங்கள் சம்பளத்தை மறைக்காதீர்கள்.

இதோடு ஒட்டி ஒன்று, தங்கச்சி, இதைக் கல்லில் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்கக் கூடாது. பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. இரண்டும் வேறு வேறு வழக்கு. பணம் வராவிட்டால் வசூல் மனு போடுங்கள், சந்திப்பு நடக்காவிட்டால் உத்தரவை அமல்படுத்தச் சொல்லி அவர் நிறைவேற்று மனு போடட்டும். ஒன்றை ஒன்றால் பிடித்து நிறுத்தினால் நீதிபதி முன்னால் நீங்கள் தோற்பது அன்றைக்குத்தான்.

அவரும் சந்திப்புக்கு அழைத்துப்போய்த் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டால்? போலீஸ் ஸ்டேஷனில் பெரும்பாலும் ‘அப்பாகிட்டதானே இருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். கோர்ட் உத்தரவு தேதி, மணி போட்டுக் கையில் இருந்தால் பேச்சே வேறு. அதுவும் நடக்காவிட்டால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது, சேலத்துக்கு அது சென்னை உயர் நீதிமன்றம்தான், மதுரைக் கிளை இல்லை. சாதாரணமாகக் குடும்ப நல நீதிமன்றத்துக்கே போகச் சொல்வார்கள், ஆனால் குழந்தையை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று தெளிவாக இருந்தால் உயர் நீதிமன்றம் தலையிடும்.

நான் இவ்வளவு நேரம் சொன்னது அடி உதை இல்லாத வீட்டுக்கு. நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. படிக்கும் வேறு யாருக்காவது அந்த நிலை இருந்தால், இந்தச் சமாதானப் பேச்சு எதையும் கேட்காதீர்கள். 2005-ஆம் வருட குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட்டே குழந்தையின் தற்காலிகப் பொறுப்பை உங்களிடம் கொடுக்கலாம், சந்திப்பால் குழந்தைக்குத் தீங்கு என்று தெரிந்தால் அதை மறுக்கவும் செய்யலாம். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்யுங்கள், குழந்தைக்கு என்றால் 1098.

நடைமுறை கொஞ்சம். மியூச்சுவல் என்றால் இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், உங்களுக்கு அது ஆகிவிட்டது. மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி இருவரும் சேர்ந்து வர வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னார்கள், ஆனால் குழந்தை, ஜீவனாம்சம் எல்லாம் பேசி முடித்திருந்தால்தான் அதற்கு வழி. அவசரப்படுத்துபவர்களிடம் இதைச் சொல்லுங்கள், குழந்தை விஷயத்தை விவரமாக எழுதினால்தான் சீக்கிரம் முடியும் என்று. தீர்ப்பு வரும் வரை யார் வேண்டுமானாலும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதும் நினைவிருக்கட்டும். தீர்ப்புக்குப் பிறகும் குழந்தை பற்றிய உத்தரவு மட்டும் முடிந்துபோனது இல்லை, சூழ்நிலை மாறினால் அதே சட்டத்தின் 26-ஆவது பிரிவில் மாற்றக் கேட்கலாம்.

இங்கே படிப்பவர்களில் கிறிஸ்தவர்கள் இருந்தால் உங்களுக்கு 1869-ஆம் வருட விவாகரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவும் அடுத்தவையும். முஸ்லிம்களில் ஹனஃபி முறைப்படி மகன் 7 வயது வரை, மகள் பருவமடையும் வரை தாயிடம் என்பது வழக்கம். எந்தச் சட்டமானாலும் கடைசியில் நீதிபதி பார்ப்பது குழந்தைக்கு எது நல்லது என்பதைத்தான்.

உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வையுங்கள், அவர் வக்கீலே இருவருக்கும் எழுதட்டும் என்று விடாதீர்கள். பணம் இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-இல் கேட்டாலும் வழி சொல்வார்கள். வக்கீல் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரைக் கழற்றி, பையனின் பரீட்சை, லீவு, உங்கள் நைட் டூட்டி, அவருடைய பறிப்புக் காலம், பண்டிகை எல்லாவற்றையும் நாலு கலர் பேனாவில் குறியுங்கள். இரண்டு பிரதி போட்டு ஒன்றை அவருக்கும் அனுப்பிவிடுங்கள், அவர் திருத்தித் தரட்டும். பையனுக்கு வளைவில் வாந்தி வரும் என்று எழுதியிருந்தீர்களே, டாக்டர் கொடுத்த மாத்திரையின் பேரையும், வண்டி ஏறுவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தத் தாளின் ஓரத்திலேயே எழுதிவையுங்கள், ஞாயிற்றுக்கிழமை இறக்கி அழைத்து வரப்போவது அவர்தான்.